வீதியில் காவிரி ஓடும் அரங்கம்: கணினி ஓவியத்தில் நிறமும் தூரமும்

கணினியில் கற்பனை நிலக்காட்சி வரையத் தொடங்கும் பலர் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கோபுரம், ஆறு, மலை, மேகம் எல்லாம் வந்திருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. மொத்தமாகப் பார்த்தால் மட்டும் படம் தட்டையாக நிற்கும். மலை கோபுரத்துக்குப் பின்னால் இருக்கிறதா, பக்கத்தில் முளைத்திருக்கிறதா என்று கண் தடுமாறும். ஏதோ குறைகிறது என்று நிறத்தைக் கூட்டுவார்கள். கூட்டக் கூட்ட இன்னும் தட்டையாகும்.

காரணம் எளிது. பார்வைக்குத் தூரத்தைச் சொல்வது முதலில் வெளிச்சமும் இருட்டும், அடுத்து நமக்கும் பொருளுக்கும் நடுவே இருக்கும் காற்று. நிறம் இவற்றுக்குப் பிறகுதான் வரும். வரிசை மாறினால் எத்தனை லேயர் போட்டாலும் தேறாது.

ஒரு படத்தை வைத்துக்கொண்டே பேசலாம். திருச்சி மலைக்கோட்டை உச்சியில் நின்று வடக்கே பார்க்கிறோம். காலடியில் சிந்தாமணிப் பகுதியின் கூரைகள், அப்பால் காவிரி. முக்கொம்பில் பிரிந்த கொள்ளிடம் வடக்கே ஓட, இரண்டு ஆற்றுக்கும் நடுவில் தீவாகக் கிடக்கிறது ஸ்ரீரங்கம். கோயில் மட்டும் 156 ஏக்கர். ஏழு திருச்சுற்று, 21 கோபுரம். நிஜமே பாதி கற்பனை போலத்தான் இருக்கிறது. மீதிப் பாதியை நாம் சேர்ப்போம். மதில்களுக்கு நடுவே இருக்கும் வீதிகளில் காவிரி புகுந்து ஓடட்டும். சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் பரிசல் போகட்டும். கோபுரங்கள் பத்து மடங்கு உயரட்டும்.

முதலில் அளவு. ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி, ஏறக்குறைய 72 மீட்டர். பதின்மூன்று நிலைகளோடு 1987இல்தான் அது முழுமை பெற்றது. மலைக்கோட்டைப் பாறையோ 83 மீட்டர் உயரம். படத்தில் அடிவானக் கோடு என்பது பார்ப்பவரின் கண்மட்டம்தான். அதனால் உச்சியில் நிற்பவருக்கு ராஜகோபுரத்தின் கலசங்கள் அடிவானக் கோட்டை ஒட்டி, அதற்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும். நேர்கோட்டில் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம்; கையை நீட்டி சுண்டுவிரலைப் பிடித்தால் அதன் அகலத்துக்குள் கோபுரம் ஏறக்குறைய அடங்கிவிடும்.

கற்பனை தொடங்குவது இந்தக் கோட்டை உடைப்பதில்தான். பத்து மடங்கு உயர்ந்த கோபுரம் 720 மீட்டர். அதே தூரத்தில் அது நீட்டிய கையின் மூடிய முட்டியைவிடப் பெரிதாகத் தெரியும். ஏறக்குறைய முழுவதும் அடிவானத்துக்கு மேலே நிற்கும். அத்தனை உயரத்தில் மழைக்கால மேகம் கோபுரத்தின் தோளில் இடித்துக்கொள்ளும். வெறுமனே பெரிதாக வரைந்தால் போதாது. பெரிது என்பதற்குச் சாட்சி வேண்டும். மாறாத அளவுள்ள ஒன்றை அருகில் வையுங்கள்: கரையோரத் தென்னை, படித்துறை, பரிசலில் ஒரு ஆள். தென்னையையும் ஆசையில் பத்து மடங்கு ஆக்கிவிட்டால் கோபுரம் மறுபடி சுண்டுவிரலுக்குள் போய்விடும்.

இதில் நம் ஸ்தபதிகளிடமும் கற்க இருக்கிறது. கோபுரத்தில் மேலே போகப் போக நிலைகளின் உயரமும் அகலமும் குறைந்துகொண்டே வரும். கீழிருந்து பார்ப்பவருக்கு இருப்பதைவிட உயரம் கூடித் தெரியும். ஸ்ரீரங்கத்தில் இன்னொன்றும் நடக்கிறது: வெளிச்சுற்றுக் கோபுரம் பெரிது, உள்ளே போகப் போகச் சிறிது, நடுவில் பொன் வேய்ந்த விமானம் வெளிக் கோபுரங்களைவிடத் தாழ்ந்தது. தெற்கிலிருந்து பார்க்கும்போது உள்ளே இருப்பது தூரத்தாலும் சிறிதாகிறது, கட்டியதிலும் சிறிதாக இருக்கிறது. பின்னால் இருப்பது இரண்டு முறை சுருங்குவதால் ஆழம் இரட்டிப்பாகத் தெரியும். உங்கள் கற்பனை நகரத்திலும் இந்த வரிசையை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி காற்று. தூரத்துப் பொருளிலிருந்து வரும் ஒளி நம் கண்ணை அடைவதற்குள் கொஞ்சம் வழியில் சிதறிப்போகிறது. அதே நேரம் நடுவிலுள்ள காற்றும் தூசியும் ஈரமும் சூரிய ஒளியை வாங்கி நம் பக்கம் அனுப்புகின்றன. ஆகத் தூரத்துக் கருமை வெளுக்கும். தூரத்து வெண்மை கொஞ்சம் மங்கும். இரண்டும் காற்றின் நிறத்தை நோக்கி நகரும். முதலில் வெளுப்பது கருமைதான். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மதிலின் நிழலில் சுத்தக் கறுப்பை வைத்தால் அந்த மதில் எழுந்து வந்து முன்னால் நின்றுவிடும். தட்டையான படங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு கறுப்பால் கெட்டவை என்பது என் எண்ணம்.

இந்த மங்கல் ஒரே சீராகக் கூடுவதில்லை. எடுத்துக்காட்டுக்கு, ஒரு கிலோமீட்டர் கடந்ததும் நூற்றுக்கு 80 பங்கு தெளிவு மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது கிலோமீட்டரில் அந்த 80இல் 80 பங்கு, அதாவது 64. மூன்றாவதில் 51. பத்தாவதில் 11கூட இல்லை. அருகில் வேகமாகவும் தூரத்தில் மெதுவாகவும் தெளிவு கரைகிறது. காற்று தெளிந்த நாளில் மலைக்கோட்டையிலிருந்து வடமேற்கே நிழல்போலத் தெரியும் கொல்லிமலை, தூசி நிறைந்த கோடை நாளில் இருந்த இடமே தெரியாமல் போவது இப்படித்தான்.

கணினியில் இதைச் செய்வது மிகச் சுலபம். படத்தை நான்கு தளங்களாகப் பிரியுங்கள்: முன்னால் மலைக்கோட்டையின் பாறை விளிம்பு, அடுத்து சிந்தாமணியும் ஆறும், அப்புறம் தீவு, கடைசியில் கொள்ளிடத்துக்கு அப்பாலுள்ள சமவெளியும் மலையும். தளத்துக்கு ஒரு லேயர். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கிளிப்பிங் லேயர் போட்டு, அதில் காற்றின் நிறத்தைக் கொட்டி, ஒபாசிட்டியை மட்டும் மாற்றுங்கள். மேலே சொன்ன கணக்குப்படி முன் தளத்துக்குப் பூஜ்யம், ஒரு கிலோமீட்டரில் 20, மூன்றில் 49. மூடுபனி என்றாலே ஸ்கிரீன் மோடு என்று பலர் பழகியிருக்கிறார்கள். ஸ்கிரீன் எதையும் வெளுக்க மட்டுமே செய்யும். காற்று வெண்மையை மங்கவும் வைக்கிறது. ஆகவே சாதாரண நார்மல் மோடுதான் இங்கே இயற்கைக்கு நெருக்கமானது.

காற்றின் நிறம் என்ன? இதில்தான் நம்மவர்கள் ஏமாந்துபோகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் பயிற்சிகளில் பல குளிர்நாட்டு மலைகளை வைத்துச் செய்யப்பட்டவை. தூரம் என்றால் நீலம் என்று மனதில் பதிந்துவிடுகிறது. திருச்சியின் காற்று வருடம் முழுக்க நீலமாக இருப்பதில்லை. சித்திரை, வைகாசியில் அடிவானம் சுண்ணாம்பு வெள்ளையில் லேசான பழுப்பு கலந்து நிற்கும். ஆடியில் ஆற்று மணல் பறக்கும். மார்கழி விடியலில் ஆற்றின்மேல் தாழ்வாகப் பால்போல ஒரு பனிப்படலம். மேலே வானம் தெளிவாகவே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள்தான் அந்தப் புகழ்பெற்ற நீலம் வரும். அதனால் மாதத்தை முடிவு செய்த பிறகு காற்றின் நிறத்தை எடுங்கள். எடுக்கும்போது உச்சி வானத்தில் எடுக்காமல், அடிவானத்தை ஒட்டிய இடத்தில் எடுங்கள். தூரத்துப் பொருள் கரைந்து சேருவது அந்த நிறத்தில்தான்.

மாதத்தோடு வேளையும் வேண்டும். சங்கத் திணை மரபு நிலத்தைச் சொல்லும்போதே பொழுதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. வயலும் ஆறும் சார்ந்த மருதத்துக்கு அது வைத்த சிறுபொழுது வைகறை. ஓவியருக்கும் அதுவே நல்ல வேளை. திருச்சி ஏறக்குறைய 10.8 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நடுப்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வரும். நிழல் எல்லாம் பொருளின் அடியில் ஒளிந்துகொள்ள, கோபுரத்தின் மேடு பள்ளம் மறைந்துபோகும். மார்கழி நடுப்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நம் பக்கம் பார்த்து நிற்கும் தெற்கு முகம் முழுதும் வெயிலில் குளிக்கும். ஆடியில் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே போய்விடும்; அதே முகம் நிழலுக்குள் போகும். ஒரே கோபுரம், ஒரே கோணம், இரண்டு வேறு படங்கள்.

நம் படத்துக்கு விடியலை எடுப்போம். வடக்கே பார்க்கும் நமக்கு வலப்பக்கம் கிழக்கு. ஒவ்வொரு கோபுரத்திலும் வலது விளிம்பு ஒளி, இடது பக்கம் நிழல் என இரண்டாகப் பிரியும். வீதிகளில் ஓடும் நீரில் கோபுர நிழல்கள் இடப்பக்கமாக நீளும். இந்த ஒரு முடிவை எடுத்தவுடன் மற்ற ஐம்பது சின்ன முடிவுகள் தாமாக விழுந்துவிடுகின்றன.

இப்போது நிறத்துக்கு வரலாம். பல கணினி ஓவியர்கள் முதலில் சாம்பல் நிறங்களிலேயே வெளிச்சம், இருட்டு முழுவதையும் வரைந்துவிட்டு, அதன்மேல் நிறம் பூசுகிறார்கள். புது வழி போலத் தெரிந்தாலும் இதற்குத் திருச்சியிலேயே பழைய உறவு உண்டு. தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கில ஓவியர்கள் 1792இல் கல்கத்தாவிலிருந்து மதராஸ் வந்து, குமரிமுனை வரை போனார்கள். வழியில் திருச்சியையும் வரைந்தார்கள். 1795 முதல் 1808 வரை இலண்டனில் வெளியான அவர்களுடைய ‘ஓரியண்டல் சீனரி’ தொகுப்பின் 144 படங்களில் மலைக்கோட்டையும் இருக்கிறது. அவை அக்வாடின்ட் அச்சுகள். செப்புத் தகட்டில் பிசின் பொடியைத் தூவி, அமிலத்தில் அரிக்கவிட்டு, வெளிர் முதல் கருமை வரையான படிநிலைகளை எடுப்பார்கள். அதை ஒன்றிரண்டு மங்கலான மைகளில் அச்சிட்டு, அந்தத் தாளின்மேல் நீர்வண்ணத்தைக் கையால் பூசுவார்கள். ஒளியும் ஆழமும் தகட்டிலேயே முடிந்துவிடும். நிறம் அதன்மேல் ஒரு மெல்லிய போர்வை. அந்தப் படங்களில் நிறம் குறைவாக இருந்தும் தூரம் தெளிவாகத் தெரிவது இதனால்தான்.

லேயருக்கும் ஒரு முன்னோடி உண்டு. 19ஆம் நூற்றாண்டில் திருச்சி ஓவியர்கள் மைக்கா தகடுகளில் படம் வரைந்து ஐரோப்பியருக்கு விற்றார்கள். தொழில் செய்வோர், தெய்வங்கள், ஊர்வலங்கள் எனத் தொகுப்புத் தொகுப்பாக. மைக்கா கண்ணாடிபோல ஒளி ஊடுருவும். இந்தியாவில் செய்யப்பட்ட மைக்கா தொகுப்புகளில் ஒருவகை சுவாரசியமானது: அடியில் முகம் வரைந்த ஒரு அட்டை, மேலே ஆடை அணிகலன் மட்டும் வரைந்த மைக்கா தகடுகள். தகட்டை மாற்றினால் ஆள் மாறிவிடுவார். திரையில் நாம் லேயரை அணைத்து அணைத்துப் பார்ப்பதும் இதே வேலைதான்.

வானம் தீட்டுவதற்கும் ஒரு முன்னோடி உண்டு. 1858இல் லினேயஸ் டிரைப் என்ற புகைப்படக்காரர் திருச்சியைப் படமெடுத்தார். அந்தக் காலத்துக் காகித நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். டிரைப் தம் நெகட்டிவ்களில் தூரிகையால் மேகம் தீட்டிச் சேர்ப்பதுண்டு. வெற்று வானம் படத்தின் ஆழத்தைக் கெடுக்கிறது என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

சாம்பல் படத்தின்மேல் நிறம் போடுவதில் சில கண்ணிகள் உண்டு. மல்டிப்ளை மோடு எண்களைப் பெருக்குகிறது: பாதி வெளிச்சத்தின்மேல் பாதி வெளிச்சம் விழுந்தால் கால்தான் மிஞ்சும். அதனால் படம் எப்போதும் இருளும். முன்கூட்டியே சாம்பலை ஒரு படி வெளிராக வைத்துக்கொள்ளுங்கள். ஓவர்லே மோடு சுத்தக் கறுப்பையும் சுத்த வெள்ளையையும் தொடவே தொடாது. அந்த இடங்களில் நிறம் ஏறாமல் சாம்பல் எட்டிப்பார்க்கும். இவற்றைவிடப் பெரிய குறை, ஒரு பொருளின் வெயில் பக்கமும் நிழல் பக்கமும் ஒரே நிறத்தின் இரண்டு அடர்த்தியாக வந்துவிடுவது. இயற்கையில் அப்படி இல்லை. விடியல் சூரியன் மஞ்சளாக அடிக்க, நிழல் பக்கத்துக்கு ஒளி தருவது நீல வானம். வெயில் பட்ட கல் ஆரஞ்சு பக்கமும் நிழல் கல் ஊதாப் பக்கமும் சாயும். ஆகவே மோடுகளை வைத்து அடிநிறம் போட்டதும், மேலே ஒரு நார்மல் லேயர் எடுத்துக் கையால் வரைந்தே ஆக வேண்டும். இந்த வேலையைச் சுருக்க வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நிழல் என்றால் நீலம் என்று இதையும் விதியாக்கிவிட வேண்டாம். கோடைக் காவிரி பெரும்பாலும் மணல். அந்த மணலில் பட்டு எழும் ஒளி பாலத்தின் அடிவயிற்றையும் மண்டபக் கூரையின் உள்பக்கத்தையும் சூடான மஞ்சளால் நிரப்பும். நம் படத்திலோ வீதி முழுக்கத் தண்ணீர். மதில்களின் அடிப்பகுதியில் நீரிலிருந்து எழும் நெளிநெளியான ஒளியைச் சேர்க்கலாம். ஒரு கற்பனை இடத்தை நம்ப வைப்பது இப்படிப்பட்ட சின்ன உண்மைகள்தான்.

நிழலின் நிறத்தைக் கற்க ஸ்ரீரங்கத்தில் ஒரு நல்ல வாத்தியார் இருக்கிறார்: கிழக்குப் பக்கத்திலுள்ள வெள்ளைக் கோபுரம். பதினான்காம் நூற்றாண்டுப் படையெடுப்பில் கோயிலைக் காக்க உயிர் கொடுத்த வெள்ளையம்மாள் என்ற தேவரடியாரின் நினைவாக அது வெள்ளையாக இருக்கிறது என்பது ஊர் வழக்கு. வண்ணக் கோபுரங்களில் பெயிண்டின் நிறம் கண்ணைக் குழப்பும்; இங்கே ஒளியின் நிறம் மட்டுமே தெரியும். காலையில் இளமஞ்சள், வெயில் ஏறினால் கூசும் வெள்ளை, நிழல் பக்கம் சாம்பல் நீலம். போனில் ஒரு படம் எடுத்து, பிறகு கணினியில் அந்த ‘வெள்ளை’யைத் தொட்டு நிறத்தை எடுத்துப் பாருங்கள். சுத்த வெள்ளை ஏறக்குறைய எங்குமே இருக்காது.

வண்ணக் கோபுரங்களில் வேறு பாடம். அருகில் போனால் பச்சை, நீலம், ரோஜா, மஞ்சள் என ஒவ்வொரு சுதைச் சிற்பமும் கத்தும். மூன்று கிலோமீட்டர் தள்ளிப் பார்த்தால் எல்லாம் கலந்து ஒரு மங்கிய செங்கல் நிறம்தான். தொடக்கக்காரர்கள் தூரத்துக் கோபுரத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொம்மைக்கும் பச்சை, நீலம் பூசுவார்கள். சுருக்கிப் பார்த்தால் பொடிப்பொடியான இரைச்சலாக இருக்கும். தூரத்துக் கோபுரத்துக்கு மூன்று நிறம் போதும்: ஒளிக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று, நிலைகளைப் பிரிக்கும் கோட்டுக்கு ஒன்று.

அப்படியானால் பளிச்சென்ற நிறத்தை எங்கே வைப்பது? ஒரே இடத்தில். நம் படத்தில் அது பொன் விமானம். சுற்றிலும் மங்கிய ஊதாவும் செங்கல் சாம்பலும் இருக்கும்போது ஒரு சின்ன மஞ்சள் புள்ளி போதும், கண் நேராக அங்கே போகும். விமானத்தின் மஞ்சளைக் கூட்டுவதைவிடச் சுற்றியுள்ளவற்றின் மஞ்சளைக் குறைப்பது நல்லது. விளிம்புகளும் அப்படியே: விமானத்துக்கும் முன்தளப் பாறைக்கும் மட்டும் கூரிய விளிம்பு; மற்றவை மென்மையாகக் கரையட்டும். கொல்லிமலையை ஒற்றைப் பெரிய பிரஷால் இழுத்துவிட்டுப் போங்கள்.

மென்பொருள் எது என்று கேட்பவர்களுக்கு: போட்டோஷாப், கிளிப் ஸ்டுடியோ, ஐபேட் என்றால் புரோகிரியேட், எதுவானாலும் மேலே சொன்னதெல்லாம் செல்லும். காசு கொடுக்க வழியில்லை என்றால் கிரிட்டா இருக்கிறது; கட்டற்ற மென்பொருள், முழுக்க இலவசம், ஓவியத்துக்கென்றே செய்தது. எதைப் பயன்படுத்தினாலும் மேலே ஒரு கறுப்பு வெள்ளை லேயரை வைத்துக்கொண்டு அடிக்கடி அதைப் போட்டுப் பாருங்கள். நிறம் போன பிறகும் நான்கு தளங்களும் பிரிந்து தெரிந்தால் படம் சரியான பாதையில் இருக்கிறது.

படம் அச்சுக்குப் போவதாக இருந்தால் இன்னொரு வேலை பாக்கி. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு நான்கு மைகளால் காட்டுகிறது. திரையில் மின்னும் நீலமும் பச்சையும் தாளில் மங்கும். நிழல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அச்சகத்தில் ஒரு சோதனைப் பிரதி எடுத்து, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மீதிக்குச் சொல்லுங்கள்.